எஞ்சினுக்கு இருபது மீட்டர்

எங்கள் மாமாவுக்குக் கணக்கு வராது. அவரைக் குறை சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. சிலருக்குப் பாகற்காய் இறங்காது, சிலருக்குக் கிணற்றை எட்டிப் பார்த்தால் தலை சுற்றும், மாமாவுக்குக் கணக்கு. அவர் பாட்டுக்கு வேறு ஏதாவது வேலையைப் பார்த்துக்கொண்டு போயிருந்தால் இது யாருக்கும் தெரிந்திருக்காது. என்ன செய்ய, அவருக்கு வாத்தியார் ஆக வேண்டும் என்று ஆசை. சும்மா ஆசை இல்லை, தூக்கத்தில்கூட "எல்லாரும் இங்க கவனிங்க" என்று உளறுகிற அளவுக்கு ஆசை.

நான் முப்பது வருஷத்துக்கு மேல் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். யாரைப் பார்த்து இந்தத் தொழிலுக்கு வந்தீர்கள் என்று யாராவது கேட்டால் மாமாவைத்தான் சொல்வேன். அவர் ஒருநாள்கூட பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்தியவர் இல்லை என்பதையும் சேர்த்துச் சொன்னால், கேட்டவர்கள் நான் விளையாடுகிறேன் என்று நினைத்துச் சிரிப்பார்கள். விளையாட்டெல்லாம் இல்லை. அந்தக் கதையில் எனக்குச் சிரிப்பு வருகிற இடம் கொஞ்சம்தான். மிச்சமெல்லாம் இன்றைக்கு நினைத்தாலும் காது சூடாகிற சமாசாரம்.

அப்போது நாங்கள் தெலுங்கு பேசுகிற ஊரில், லாலாகுடா ரயில்வே குவார்ட்டர்ஸில் இருந்தோம். அப்பாவுக்கு ஒர்க்‌ஷாப்பில் வேலை, ரயில் பெட்டி கட்டுகிற பிரிவில். காலையில் சங்கு ஊதினால் சைக்கிளை எடுப்பார், சாயங்காலம் சங்கு ஊதினால் கிரீஸ் வாசனையோடு திரும்பி வருவார். மாமா, அம்மாவின் தம்பி. அரக்கோணம் பக்கத்திலிருந்து ஒரு டிரங்குப் பெட்டியோடு வந்து இறங்கினார். பள்ளி இறுதி வகுப்பில் கணக்கில் விளிம்பைத் தொட்டுப் பாஸானவர். அவரை ரயில்வேயில் கலாசியாக, எடுபிடி வேலையில் சேர்த்துவிட அப்பா யார் யாரிடமோ சொல்லி வைத்திருந்தார். வந்த மறுநாளே மாமா, "எனுக்கு வாத்தியார் வேலதான் வேணும்" என்று சொல்லிவிட்டார். அப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தார். அம்மா அவர் தட்டில் இன்னும் கொஞ்சம் குழம்பை ஊற்றினாள். அவ்வளவுதான் அன்றைய பேச்சு.

எங்கள் சபையின் நடுநிலைப்பள்ளி மெட்டுகுடா பக்கம் இருந்தது. நான் அங்கேதான் ஆறாவது படித்துக்கொண்டிருந்தேன். அங்கே ஒரு டீச்சர் பிரசவத்துக்குப் போகிறார், அவர் இடத்துக்குத் தற்காலிகமாக ஓர் ஆள் தேவை என்று அம்மா எப்படியோ தெரிந்துகொண்டாள். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் மாமாவை இழுத்துக்கொண்டு போய் ஐயர் முன்னால் நிறுத்தினாள். எங்கள் சபையில் போதகரை ஐயர் என்றுதான் சொல்வோம். பள்ளிக்கூட நிர்வாகமும் அவர் கையில்தான். திருநெல்வேலிக்காரர், நல்ல மனுஷர், அவசரப்படாதவர்.

"பாடம் நடத்தின பழக்கம் உண்டா தம்பி?" என்று கேட்டார்.

"இல்லீங்க ஐயரே. ஆனா நடத்துவேன்."

ஐயர் யோசித்தார். லாலாகுடாவிலிருந்து வருகிற ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் கணக்கில் ரொம்ப மோசம், அவர்களைக் கூட்டி உட்கார வைத்து மாமா சொல்லிக்கொடுக்கட்டும், காலாண்டுப் பரீட்சையில் அவர்கள் எப்படி எழுதுகிறார்கள் என்று பார்த்துவிட்டு வேலையை முடிவு செய்யலாம் என்றார். மாமா தலையை ஆட்டிய ஆட்டலில், கழுத்து சுளுக்கிக்கொள்ளுமோ என்று எனக்குப் பயமாகிவிட்டது. என்ன பாடம் என்று அவர் காதில் விழுந்ததா என்பதே சந்தேகம்தான்.

வீட்டுக்கு வந்த பிறகு விழுந்தது. என் கணக்குப் புத்தகத்தை வாங்கி முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை புரட்டினார். பிறகு கடைசிப் பக்கத்திலிருந்து முதல் பக்கம் வரை புரட்டினார். அப்புறம் என்னைக் கொல்லைப்பக்கம் கூப்பிட்டுக் கொண்டுபோய், "பாப்பா, நீதான் கிளாஸ்ல ஃபர்ஸ்ட்டாமே?" என்றார். குரல் இறங்கிவிட்டிருந்தது.

இப்படித்தான் எங்கள் ஏற்பாடு தொடங்கியது. மத்தியானம் நான் சாப்பிட வீட்டுக்கு வருவேன். எனக்கு எதிரே மாமா புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு சம்மணம் போட்டு உட்காருவார். நான் சோற்றைப் பிசைந்துகொண்டே அன்றைய கணக்கை அவருக்குச் சொல்லிக்கொடுப்பேன். சாயங்காலம் அதே கணக்கை அவர் எங்கள் வராந்தாவில் நின்று மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பார். அப்போது நானும் கூட்டத்தில் ஒருத்தியாக உட்கார்ந்து, ஒன்றும் தெரியாதவள் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டிருப்பேன். அம்மாவுக்கு இது தெரியும். அப்பாவுக்குத் தெரியாது. "மகராசன் இன்னிக்கு இன்னா நடத்துனாரு?" என்று அவர் கிண்டலாகக் கேட்கும்போது, அம்மா அடுப்பு ஊதப் போய்விடுவாள்.

மாமாவுக்கு எதுவும் ஒரு தடவையில் ஏறாது. "இரு இரு, இங்க எப்பிடி இது மேல போச்சு?" என்பார். "ஏன் பெருக்கணும்? ஏன் கூட்டக் கூடாது?" என்பார். எனக்குச் சோறு ஆறிப்போகும், பள்ளிக்கூட மணி அடித்துவிடும், எரிச்சல் எரிச்சலாக வரும். "மாமா, மரமண்டை மாமா!" என்று எத்தனையோ நாள் கத்தியிருக்கிறேன். அவருக்குக் கோபமே வராது. "மரமண்டதான். அதான் இன்னொரு தபா கேக்கறேன், சொல்லு" என்பார்.

ஆனால் சாயங்காலம் பார்க்க வேண்டுமே! வராந்தாச் சுவரில் கரி அடித்த பலகையைச் சாய்த்து வைத்து, மடித்துக் கட்டிய வேட்டியை இறக்கிவிட்டு, தொண்டையைக் கனைத்துக்கொண்டு மாமா ஆரம்பித்தால், தெருவில் போகிறவர்கள் நின்று பார்ப்பார்கள். பிள்ளைகளில் பாதிப் பேருக்குத் தமிழ் காதோடு சரி. வாயில் தெலுங்கும் இந்தியும்தான் வரும். மாமாவுக்கு அந்த இரண்டும் வராது. "அர்த்தமாயிந்தா?" என்று, புரிந்ததா என்பதற்கான தெலுங்குக் கேள்வியை மட்டும் என்னிடம் கேட்டு மனப்பாடம் பண்ணி வைத்திருந்தார். அதைக் கேட்டுவிட்டு ஒவ்வொரு முகமாகப் பார்ப்பார். "ஹவ் சார்" என்று எல்லோரும் ஆமாம் போட்டுக் கத்துவார்கள். மாமா அதை நம்பமாட்டார். யாருடைய கண் தரையைப் பார்க்கிறதோ அவன் பக்கத்தில் போய் உட்கார்ந்து, "எனக்கும் இந்த எடத்துலதான் முட்டிக்கிச்சு" என்று மறுபடி முதலிலிருந்து ஆரம்பிப்பார். எந்த இடத்தில் முட்டும் என்று அவருக்குத் தெரியாதா என்ன, அதே இடத்தில் மத்தியானம்தானே அவர் முட்டிக்கொண்டு விழுந்திருந்தார்! அதனால் பிள்ளைகளுக்குக் கணக்கு நிஜமாகவே வர ஆரம்பித்தது. சார்ஜ்மேன் வீட்டுச் சுதாகர், வகுத்தல் என்றாலே வயிற்றுவலி என்று படுத்துக்கொள்கிறவன், தானாகவே பலகைக்கு எழுந்து போனான். சார்ஜ்மேன் அப்பாவுக்கு மேலதிகாரி. ஒருநாள் ஒர்க்‌ஷாப்பில் அவர் அப்பாவைக் கூப்பிட்டு மாமாவைப் புகழ்ந்திருக்கிறார். அன்றைக்கு ராத்திரி அப்பா மாமாவிடம், "இன்னும் ரெண்டு தோச போட்டுக்கோ" என்றார். அப்பா வாயிலிருந்து அப்படி வருவது பெரிய விஷயம்.

எல்லாம் நன்றாகத்தான் போனது, ரயில் கணக்கு வருகிற வரைக்கும்.

மீட்டரும் கிலோமீட்டரும் பாடப்புத்தகத்துக்குப் புதிதாக வந்திருந்த காலம் அது. நூற்றைம்பது மீட்டர் நீளமுள்ள ரயில் வண்டி ஒன்று, இருநூற்றைம்பது மீட்டர் நீளமுள்ள பிளாட்பாரத்தை, இன்ன வேகத்தில் எவ்வளவு நேரத்தில் கடக்கும்? இரண்டு நீளத்தையும் கூட்டி வேகத்தால் வகுக்க வேண்டும். இருபது செகண்ட். வகுப்பில் கணக்கு டீச்சர் அப்படித்தான் போட்டார். எனக்குப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது, அவர் தப்பாகப் போடுகிறார் என்று. எஞ்சின் எங்கே?

எங்கள் வீட்டில் வண்டி என்றால் பெட்டிகள்தான். அப்பா பெட்டி கட்டுகிறவர். எஞ்சின் வேறு ஷெட், வேறு ஆட்கள், அவர்களுக்கும் இவர்களுக்கும் ஆகவே ஆகாது. "வண்டி ரெடி, எஞ்சின்தான் வரல" என்று அப்பா அலுத்துக்கொள்வதைக் கேட்டே வளர்ந்தவள் நான். அப்புறம் நூற்றைம்பது மீட்டர் வண்டி என்று புத்தகம் சொன்னால், எஞ்சின் அதில் எப்படிச் சேரும்? அது தனியாகத்தானே முன்னால் வந்து மாட்டிக்கொள்ளும்? கணக்கு டீச்சர் வீட்டுக்காரருக்குத் தபால் ஆபீஸில் வேலை. பாவம், அவருக்கு இதெல்லாம் எங்கே தெரியப்போகிறது என்று நினைத்துக்கொண்டேன். அன்று ராத்திரி அப்பாவிடம், எஞ்சின் எவ்வளவு நீளம் இருக்கும் என்று சும்மா கேட்கிற மாதிரி கேட்டேன். "அறுவது, எழுவது அடி இருக்கும், எதுக்கு?" என்றார். இருபது மீட்டர் என்று நானே முடிவு கட்டினேன்.

மறுநாள் மத்தியானம் மாமாவுக்குச் சொன்னேன். மாமா அன்றைக்கு முட்டிக்கொள்ளவே இல்லை. முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. "அட ஆமா! எஞ்சின் இல்லாம வண்டி எப்பிடி நகரும்? புஸ்தகம் எழுதனவன் மறந்துட்டான் பாரு!" என்றார். அவருக்கு உடனே புரிந்த முதல் கணக்கு அதுதான். சாயங்காலம் பலகையில் புகை விடுகிற எஞ்சின் ஒன்றை அழகாக வரைந்து, அதன் மேல் இருபது என்று எழுதினார். எல்லாம் ரயில்வே வீட்டுப் பிள்ளைகள். ஒருத்தரும் ஏன் என்று கேட்கவில்லை. நியாயம்தானே என்று தலையை ஆட்டி எழுதிக்கொண்டார்கள்.

காலாண்டுப் பரீட்சையில் ரயில் கணக்கு ஒன்றல்ல, மூன்று வந்தது. வினாத்தாளைப் பார்த்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை. சுதாகர் திரும்பி என்னைப் பார்த்துப் பல்லைக் காட்டினான்.

அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்து வெளியே வரும்போது, ஆலயத்தில் மணி அடிக்கிற கோயில்பிள்ளை வந்து, சாயங்காலம் மாமாவைப் பள்ளிக்கூடத்துக்கு வரச்சொல்லி ஐயர் உத்தரவு என்றார். கேட்கணுமா! வேலை கிடைத்துவிட்டது என்றே வீட்டில் முடிவாகிவிட்டது. அம்மா சேமியா பாயசம் வைத்தாள். அப்பா தன் வெள்ளைச் சட்டையை எடுத்துக் கொடுத்து, "வேட்டி வேணாம், பேண்ட்டு போட்டுக்கினு போ" என்றார். அப்பாவின் பேண்ட் மாமாவுக்கு இடுப்பில் நிற்கவில்லை. பெல்ட்டில் ஆணியால் ஒரு ஓட்டை போட்டு நிறுத்தினார்கள். கிளம்பும்போது மாமா, "நீயும் வா பாப்பா" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். நான் கிறிஸ்துமஸ் கவுனைப் போட்டுக்கொண்டேன்.

அறையில் ஐயரும் கணக்கு டீச்சரும் இருந்தார்கள். ஜன்னல் பக்கம் சார்ஜ்மேன் உட்கார்ந்திருந்தார். மேஜையில் பரீட்சைத் தாள்கள் பரப்பியிருந்தன. அவற்றில் என்னுடையதும் ஒன்று என்று தூரத்திலிருந்தே கையெழுத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். பெருமையாகத்தான் இருந்தது.

"லாலாகுடா பிள்ளைங்க பேப்பர் எல்லாத்துலயும் ஒரே ஆன்சர், ஒரே ஸ்டெப்" என்று டீச்சர் ஆரம்பித்தார். "முதல்ல காப்பின்னு நினைச்சேன். கூப்பிட்டுக் கேட்டா, ட்யூஷன் சார் இப்படித்தான் போடச் சொன்னார்ங்கறாங்க. எங்கேயிருந்து வந்தது சார், இந்த இருபது?"

மாமா அதைப் பாராட்டு என்றே எடுத்துக்கொண்டார். அவருக்கு எந்தக் கேள்வியும் பலகைக்குப் போகச் சொல்லி வந்த அழைப்புதான். சுவரில் இருந்த கரும்பலகைக்குப் போனார். சாக்பீஸை எடுத்தார், தொண்டையைக் கனைத்தார், பெட்டிகளை வரைந்தார், எஞ்சினை வரைந்தார், புகையைக்கூட மறக்கவில்லை. "இது எஞ்சினுங்க. இது இல்லாம வண்டி எப்பிடிங்க ஓடும்? அதான் இருபது மீட்டரு" என்று சொல்லிவிட்டு, பழக்கதோஷத்தில், "அர்த்தமாயிந்தா?" என்று மூன்று பேரையும் பார்த்துக் கேட்டார்.

 சார்ஜ்மேன் தொடையில் தட்டிக்கொண்டு சிரித்தார். "அரே, எஞ்சினுக்குத் தனியா டிக்கெட்டு வாங்கணுமா சார்?" என்றார். டீச்சர் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டார். ஐயர் மட்டும் சிரிக்கவில்லை. "ரயில் நீளம்னா எஞ்சினும் அதுக்குள்ளதானே தம்பி?" என்றார்.

மாமா பலகையைப் பார்த்தார். பிறகு அரை நொடி என்னைப் பார்த்தார்.

"இத யார் உங்களுக்குச் சொன்னது?" என்றார் டீச்சர்.

"யாரும் சொல்லலீங்க. நானாதான் போட்டேன்."

அவரைக் காப்பாற்ற வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. சத்தியமாக அது மட்டும்தான் தோன்றியது. வகுப்பில் முதல் மார்க் வாங்குகிற நான் சொன்னது என்று தெரிந்தால், இவர்கள் சிரிப்பதை நிறுத்திவிட்டு, அப்படியானால் சரியாகத்தான் இருக்கும் என்று யோசிப்பார்கள் என்று நினைத்தேன். "இல்ல, நான்தான் சொன்னேன்!" என்று முன்னால் வந்து கத்தினேன். "மாமாவுக்குக் கணக்கே தெரியாது. தினமும் மத்தியானம் நான்தான் சொல்லிக் குடுக்கறேன்!"

சிரிப்பு நின்றுவிட்டது, நான் நினைத்தபடியே. ஆனால் யாரும் யோசிக்கவில்லை. மூன்று பேரும் மாமாவைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதற்கு அவர்கள் சிரித்துக்கொண்டே இருந்திருக்கலாம்.

ஐயர் கண்ணாடியைக் கழற்றினார். "புள்ள சொல்றது நெசமா தம்பி?"

"ஆமாங்க ஐயரே. மத்தியானம் இவ எனக்குச் சொல்லித் தருவா. சாயங்காலம் நான் அவங்களுக்குச் சொல்லுவேன்."

"அப்படின்னா ஒரு வகுப்பை எப்படி உம்மகிட்ட ஒப்படைக்கிறது, சொல்லும்."

"ஒப்படைக்கக் கூடாதுங்க" என்றார் மாமா.

இதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. ஏதாவது சமாளித்திருக்கலாம், கோபப்பட்டிருக்கலாம், என்னை ஒரு அறை அறைந்திருக்கலாம். ஒன்றும் செய்யாமல், ஒரு பையனைப் போல ஒத்துக்கொண்டு நின்றார். சார்ஜ்மேன் எழுந்து, "எங்க பையன் இனிமே வரமாட்டான். நக்கோ பாபா, வேணாம்" என்று சொல்லிவிட்டு வெளியே போனார். டீச்சர் என்னை அருகே கூப்பிட்டு, என் தாளைக் காட்டி, ரயில் என்றால் எஞ்சினிலிருந்து கார்டு வண்டி வரைக்கும் எல்லாம் சேர்த்துத்தான் என்று மெதுவாகச் சொன்னார். அவர் திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. எனக்குக் காது கொதித்தது. மாமா பலகையில் வரைந்ததைக் கையாலேயே அழித்தார். அழித்த கையை எங்கே துடைப்பது என்று தெரியாமல் அப்பாவின் சட்டையில் துடைத்துக்கொண்டார். நல்ல வெள்ளைச் சட்டைதான், ஆனாலும் சாக்பீஸ் தூள் தெரிந்தது.

திரும்பி வரும்போது நான் அவர் கையைப் பிடிக்கவில்லை. பத்தடி பின்னால் வந்தேன். எனக்காக வெட்கப்பட்டேனா அவருக்காக வெட்கப்பட்டேனா என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை; அந்தத் தொளதொள பேண்ட்டைப் பார்க்கவே பிடிக்கவில்லை. லைன் ஓரமாக வரும்போது கேட் மூடியிருந்தது. ஒரு கூட்ஸ் வந்துகொண்டிருந்தது. மாமா கம்பத்துக்குப் பக்கத்தில் நின்று, அது முழுசாகப் போகிற வரைக்கும் வாயைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"பாப்பா, இங்க வா. வண்டி இந்தக் கம்பத்துக்கு எப்ப வந்துச்சு? எஞ்சினு மூக்கு வந்தப்பவே வந்துடுச்சில்ல? எப்ப தாண்டுச்சு? கடைசி டப்பா போனப்புறம். அப்போ மூக்குலேர்ந்து வாலு வரைக்கும் ஒரே வண்டி. எஞ்சினுக்குன்னு தனியா எதுக்கு?" என்றார். எனக்கு முன்னால் அவர் புரிந்துகொண்ட ஒரே கணக்கு அதுதான். எனக்கு அது சந்தோஷமாக இல்லை. "பரீட்சைதான் முடிஞ்சுபோச்சே, இப்ப புரிஞ்சு என்ன?" என்று வெடுக்கென்று சொன்னேன்.

"ஐயோ, ஆமா" என்றார் மாமா. "அவங்க எல்லாரும் தப்பாவே மனசுல வெச்சுக்கினு இருப்பாங்களே."

வீட்டுக்குப் போவார் என்று பார்த்தால் போகவில்லை. நேரே முதல் வரிசைக் குவார்ட்டர்ஸுக்குப் போய் ஒரு வீட்டுக் கதவைத் தட்டினார். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், எல்லோரும் வாசலில் கட்டில் போட்டு உட்கார்ந்திருந்தார்கள். சேதி எங்களுக்கு முன்னாலேயே வந்து சேர்ந்திருந்தது. சார்ஜ்மேன் சைக்கிளில் போனவராயிற்றே! "எஞ்சின் சார் வந்துட்டாரு" என்று யாரோ சொல்ல, ஒரு வரிசையே சிரித்தது. மாமா அந்த வீட்டுப் பெண்ணைக் கூப்பிட்டு, "நான் உனக்குத் தப்பாச் சொல்லிக் குடுத்துட்டேன். வண்டின்னா எஞ்சினும் சேந்துதான். இருவதைக் கூட்டாத. அர்த்தமாயிந்தா?" என்றார். அவள் அம்மாவின் பின்னால் ஒளிந்துகொண்டு சிரித்தாள். மாமா விடவில்லை. அவள் தலையை ஆட்டுகிற வரைக்கும் நின்றார். பிறகு அடுத்த வீடு. அப்புறம் அதற்கடுத்த வீடு.

நான் ஒவ்வொரு வாசலிலும் பூமி பிளந்து என்னை விழுங்கிவிடக் கூடாதா என்று நின்றேன். ஓடிப்போயிருக்கலாம்தான். ஆனால் தனியாக அந்தக் கட்டில்களைத் தாண்டி ஓட வேண்டுமே! ஒரு வீட்டில், "போதும் போங்க சார், புள்ள சாப்பிடட்டும்" என்று கதவைச் சாத்தினார்கள். மாமா ஜன்னல் பக்கம் போய் உள்ளே பார்த்து, "இருவது வேணாம்பா!" என்று சொல்லிவிட்டு வந்தார். எதிர் வரிசையிலிருந்து அம்மா பார்த்துக்கொண்டிருந்தாள். பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள். பாயசத்தை அன்றைக்கு யாரும் தொடவில்லை.

அந்த மாதமே மாமா அரக்கோணத்துக்கு வண்டி ஏறினார். அங்கே ஓர் அரிசி மண்டியில் மூட்டை எடை பார்க்கிற வேலை கிடைத்தது. கடைசி வரைக்கும் அதில்தான் இருந்தார். வாத்தியார் பேச்சை மறுபடி எடுத்ததே இல்லை. நான் பயிற்சிப் பள்ளியில் சேர்ந்த சேதியைச் சொல்லக் கடிதம் போட்டபோது, பதிலில் உடம்பைப் பார்த்துக்கொள் என்று மட்டும் எழுதியிருந்தார். ஆனால் அதெல்லாம் பிறகு. அந்தச் சாயங்காலம் இன்னும் ஒரு வீடு பாக்கி இருந்தது. சார்ஜ்மேன் வீடு.

"அங்க வேணாம் மாமா" என்று கெஞ்சினேன். அவர் ஏற்கெனவே கேட்டைத் திறந்துவிட்டிருந்தார். சார்ஜ்மேன் பனியனோடு வெளியே வந்தார். எங்களைப் பார்த்ததும், "அரே, மறுபடியும் எதுக்கு வந்தீங்க?" என்று கையை வீசினார். மாமா, "ஒரே ஒரு நிமிஷங்க" என்றார். அப்பாவின் மேலதிகாரி முன்னால், அப்பாவின் சட்டையில், சாக்பீஸ் கறையோடு கையைக் கட்டிக்கொண்டு நின்றார். சார்ஜ்மேன் தலையில் அடித்துக்கொண்டு உள்ளே போனார். கதவைச் சாத்தாமல் போனதால் சுதாகர் வெளியே வந்துவிட்டான். அவன்தான் அந்தப் பரீட்சையில் ஃபெயில். அழுது அழுது மூக்கு சிவந்திருந்தது.

மாமா அவனுக்குத் தமிழில் சொன்னார். மூக்கு, வால், கம்பம், எல்லாம் கையை நீட்டி நீட்டிச் சொன்னார். சுதாகருக்கு ஏறவில்லை. அவனுக்கு எஞ்சின் எங்கே போயிற்று என்பதுதான் கவலை. தெலுங்கில் அதையே திரும்பத் திரும்பக் கேட்டான். மாமா என்னைத் திரும்பிப் பார்த்தார். "நீ சொல்லு பாப்பா. உனக்குத்தான் இவன் பாஷ வரும்."

எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. மாமா மேல் கோபம், சுதாகர் மேல் கோபம், அந்தப் பாழாய்ப்போன எஞ்சின் மேல் கோபம். கண்ணைத் துடைத்துக்கொண்டு அவனிடம் தெலுங்கில் பாய்ந்தேன். "டேய், நீ நாலடி உயரம்னு சொன்னா, தலையையும் சேர்த்துத்தானே சொல்றே? இல்ல, தலைக்குத் தனியா அரையடி கூட்டிக்குவியா?"

சுதாகர் ஒரு நிமிஷம் முழித்தான். மெதுவாகக் கையைத் தூக்கித் தன் தலையைத் தொட்டுப் பார்த்தான். "ஹவ்!" என்றான். பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு சிரித்தான்.

நான் என்ன சொன்னேன் என்று மாமாவுக்குப் புரிந்திருக்க வழியில்லை. அவர் சுதாகரின் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். "புரிஞ்சிடுச்சு! பாப்பா, அவனுக்குப் புரிஞ்சிடுச்சு!" என்று என் தோளைப் பிடித்து உலுக்கினார். வாயெல்லாம் பல். தெருவே சிரிக்கிறது, கையில் வந்த வேலை போய்விட்டது, வீட்டில் அப்பா காத்துக்கொண்டிருக்கிறார். எவன் வீட்டுப் பிள்ளைக்கோ ஒரு கணக்கு விளங்கியதற்கு, துரத்திவிட்டவரின் வாசலிலேயே நின்றுகொண்டு இப்படிக் குதிக்கிறாரே, இந்த மனுஷனுக்கு வெட்கமே கிடையாதா என்று நினைத்தேன்.